தாத்தா பார்த்த மாளிகை

ரஷ்யாவில் ஒரு மாளிகை இருக்கிறது. அதன் முன்பக்கம் மட்டும் சுமார் 300 மீற்றர் நீளம். நீலச் சுவர், வெள்ளைத் தூண், பொன் பூச்சு. அதை நான் பார்த்ததில்லை. என்னுடைய தாத்தா பார்த்தாள். கடந்த ஒக்டோபர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் யாருக்கும் சொல்லாமல், தனியாகப் போய்ப் பார்த்தாள்.

யாருக்கும் சொல்லாமல் என்று எழுதியது பிழை. எனக்குச் சொன்னாள். அதைவிட உண்மை என்னவென்றால், போகச் சொன்னதே நான்தான்.

தாத்தா சென் பீற்றர்ஸ்பேர்க் நகரத்தில் மருத்துவம் படிக்கிறாள். இரண்டாம் வருடம். அவளை அனுப்புவதற்கு வாப்பா ஒரு காணியை விற்றார். வயது வந்த பிள்ளையை மஹ்ரம் இல்லாமல் அவ்வளவு தூரம் அனுப்புவதா என்று ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொன்னது உம்மாதான். பயணத்துக்கு முதல் நாள் இரவு, சூட்கேசுக்குள் சம்பல் போத்தலை வைத்துக்கொண்டே உம்மா ஒரு நிபந்தனை போட்டார். “எங்க போறதெண்டாலும் கூட்டாளிமாரோட போகோணும். தனிய ஒரு இடமும் போகப்படாது.” தாத்தா ஓம் என்றாள். நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

செப்டெம்பர் கடைசியில் தாத்தா உடற்கூற்றியல் பரீட்சை ஒன்றில் சித்தியடையவில்லை. திரும்ப எழுதலாம், பெரிய விடயம் இல்லை என்று மற்றவர்கள் சொன்னார்களாம். ஆனால் காணி விற்ற காசில் படிக்கிற பிள்ளைக்கு அது பெரிய விடயம்தான். இரவு எனக்கு மட்டும் குரல்பதிவு அனுப்புவாள். முதலில் அழுகை இருந்தது. பிறகு அழுகையும் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. “எனக்கு வீட்டுக்கு வரணும், படிச்சது போதும்” என்று ஒரு நாள் சொன்னாள். அறைத்தோழி வார இறுதிகளில் வேலைக்குப் போய்விடுவாளாம். விடுதி, வகுப்பு, விடுதி. ஒரு வருடத்துக்கு மேலாக அந்த நகரத்தில் இருந்தும் பெருநாள் தொழுகைக்குப் போன நீலக் குவிமாடப் பள்ளிவாசலைத் தவிர வேறெதையும் அவள் ஒழுங்காகப் பார்க்கவில்லை. அந்தப் பள்ளிவாசல் 1913இல் திறக்கப்பட்டது. சமர்கந்தில் இருக்கும் தைமூரின் அடக்கத்தலத்தைப் பார்த்து அதன் குவிமாடத்தை அமைத்தார்களாம்.

உயர்தரத்தில் வரலாறு என்னுடைய பாடம். ரஷ்யா என்றால் பாடத்துக்கு வெளியேயும் தேடிப் படிப்பேன். அதனால் எனக்குக் கத்தரின் மாளிகையைப் பற்றித் தெரியும். “தாத்தா, அங்கேயிருந்து 25 கிலோமீற்றர்தான். நாங்க கற்பிட்டிக்குப் போறதை விடக் கிட்ட. ஒரு நாள் போய்ட்டு வாங்களேன்” என்றேன். ஆறுதலுக்குச் சொன்னேன் என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால், அந்த மாளிகையை யாராவது எனக்காகப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் அதில் இருந்தது.

அவள் கிளம்பியபோது இங்கே பகல் பன்னிரண்டு மணி, அங்கே காலை ஒன்பதரை. வித்தெப்ஸ்கி நிலையத்தில் புகையிரதம் ஏறினாள். ரஷ்யாவின் முதலாவது புகையிரதப் பாதை அதுதான், 1837இல் திறந்தது. அரச குடும்பம் தலைநகரத்திலிருந்து தன் கோடை மாளிகைக்குப் போன வழி. இறங்கிய ஊருக்கு இப்போது புஷ்கின் என்று பெயர். கவிஞர் புஷ்கின் இறந்து நூறு வருடமான 1937இல் வைத்த பெயர். பழைய பெயர் சார்ஸ்கோயே செலோ.

நான் ரியூஷன் என்று சொல்லி அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வாட்ஸ்அப்பில் அவளோடு கூடவே போனேன். அவளுடைய படங்களில் மரங்களெல்லாம் மஞ்சள். குளிர் காலம் வருவதால் பூங்காவின் சலவைக்கல் சிலைகளுக்கு மரப்பெட்டி போட்டு மூடத் தொடங்கியிருந்தார்கள். “எல்லாச் சிலையும் நிகாப் போட்டிருக்கு” என்று தாத்தா எழுதி, சிரிக்கும் முகம் ஒன்றும் போட்டிருந்தாள். மூன்று கிழமைக்குப் பிறகு அவள் போட்ட முதல் சிரிப்பு அது.

உள்ளே போகும்போது மேலங்கியைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். சப்பாத்துக்கு மேலே பொலித்தீன் உறை போட வேண்டும். ஒவ்வொரு அறையிலும் கதிரை போட்டு ஒரு வயதான பெண் காவல் இருப்பாராம். அவர்களில் ஒருவர் தாத்தாவின் பர்தாவைப் பார்த்து எந்த நாடு என்று கேட்டிருக்கிறார். இலங்கை என்றதும் “சாய்” என்று சொல்லி, கோப்பையைப் பிடிப்பதுபோல் கையைக் காட்டியிருக்கிறார். சாய் என்றால் அவர்கள் மொழியிலும் தேநீர்தான். எங்கள் நாட்டின் பெயரைக் கேட்டால் அந்த ஊர் ஆட்களுக்கு முதலில் நினைவு வருவது தேயிலை.

பெரிய மண்டபம் 800 சதுர மீற்றருக்கு மேல். இரண்டு பக்கமும் யன்னல், யன்னல்களுக்கு இடையில் கண்ணாடி, கண்ணாடியைச் சுற்றிப் பொன் வேலைப்பாடு. பீற்றர் மன்னரின் மகள் எலிசபெத் மகாராணிக்காக ரஸ்ட்ரெல்லி என்ற கட்டடக்கலைஞர் 1756இல் கட்டி முடித்தது. தாத்தா அதன் படத்தை அனுப்பினாள். அழகுதான். ஆனால் இவ்வளவு பொன்னை ஒரே இடத்தில் பார்த்தால் நகைக்கடைக் கலண்டர் மாதிரி இருக்கிறது என்று நான் எழுதினேன். வரலாறு படிக்கிற பிள்ளையின் வாயில் வருகிற பேச்சா இது என்று அவள் திட்டினாள்.

அம்பர் அறையில் படம் எடுக்கவில்லை. வெளியே வந்துதான் குரல்பதிவு அனுப்பினாள். அம்பர் என்றால் எங்கள் வீட்டில் உம்மும்மாவின் அத்தர் போத்தல். இது அதுவல்ல. அது கடலிலிருந்து வருவது; இது சில கோடி வருடங்களுக்கு முன் மரத்தில் வடிந்து கல்லாகிப்போன பிசின். இரண்டுக்கும் பெயர் மட்டும் அரபியின் ‘அன்பர்’ என்ற ஒரே சொல்லிலிருந்து வந்திருக்கிறது. அந்தப் பிசினைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, சுவர் முழுக்கப் பதித்திருக்கிறார்கள். “பிளேன்ரீயை வெளிச்சத்தில பிடிச்சா வாற நிறம் இருக்கே, அதுதான்டி. சில இடத்தில வாப்பா குடிக்கிற கடும் சாயம், சில இடத்தில உம்மும்மாட தண்ணிச் சாயம்” என்றாள். நான் வாசித்த எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு தெளிவாக எழுதியிருக்கவில்லை.

அந்த அறைக்கு ஒரு கதை உண்டு. 1716இல் பிரஷ்ய மன்னர் பீற்றருக்குக் கொடுத்த பரிசு அது. 1941இல் ஜேர்மன் படை அந்த ஊரைப் பிடித்தபோது, அறையின் பலகைகளைக் கழற்றிப் பெட்டியில் அடைத்துக் கொனிக்ஸ்பேர்க் நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். 1945க்குப் பிறகு அவற்றைக் காணவில்லை. இன்றுவரை இல்லை. 1944 ஜனவரியில் படை பின்வாங்கியபோது மாளிகை எரிந்து, கூரை விழுந்து, வெறும் சுவராக நின்றது. இப்போது தாத்தா பார்த்ததெல்லாம் திருப்பிக் கட்டியது. அம்பர் அறையை மட்டும் 1979இல் தொடங்கி 2003இல்தான் முடித்தார்கள். பெரும்பாலும் பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களைப் பார்த்துத்தான் வேலை செய்தார்கள். எரிந்த மண்டபங்களின் படங்களை மாளிகைக்குள்ளேயே மாட்டி வைத்திருக்கிறார்கள். கூரை இல்லாமல் வானம் தெரிகிற ஒரு மண்டபத்தின் படத்தைத் தாத்தா தன் போனில் எடுத்து எனக்கு அனுப்பினாள்.

பிறகு பூங்காவுக்கு வந்தாள். புஷ்கின் படித்த பள்ளிக்கூடம் மாளிகையோடு ஒட்டியே இருக்கிறது. 1811இல் திறந்தபோது பன்னிரண்டு வயதில் அங்கே சேர்ந்தவர், ஆறு வருடம் படித்தார். அவருடைய அறை இலக்கம் 14. அந்த ஆறு வருடமும் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவதில்லை. பக்கத்துத் தோட்டத்தில் வாங்கில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் புஷ்கின் சிலைக்கு அருகில் இருந்து தாத்தா, விடுதியிலிருந்து கொண்டுபோன பாணையும் அவித்த முட்டையையும் சாப்பிட்டாள். “இவருக்கும் ஆறு வருஷம், எனக்கும் ஆறு வருஷம். ஆனா இவருக்கு உடற்கூற்றியல் இல்ல” என்று எழுதினாள்.

கடைசியாக வந்த செய்தியை இன்னும் வைத்திருக்கிறேன். ளுஹர் தொழ இடம் தேடியபோது குளத்துக்கு அப்பால் ஒரு மினாராவும் குவிமாடமும் தெரிந்ததாம். ரஷ்ய மன்னரின் தோட்டத்தில் பள்ளிவாசலா என்று ஆசையோடு குளத்தைச் சுற்றி நடந்து போயிருக்கிறாள். போய்ப் பார்த்தால் அது குளிக்கிற மண்டபம்! 1828-29இல் துருக்கியரோடு நடந்த போரில் வென்றதை நினைவுகூர 1850களின் தொடக்கத்தில் பள்ளிவாசல் உருவத்தில் கட்டியது. உள்ளே எடிர்னே நகரத்திலிருந்து கொண்டுவந்த சலவைக்கல் வேலைப்பாடுகளும் இருக்கின்றனவாம். “பாங்கு சொல்லாத மினாரா” என்று எழுதியிருந்தாள். அதற்குப் பின்னால் மரத்தடியில் மேலங்கியை விரித்து, போனில் கிப்லா பார்த்துத் தொழுதிருக்கிறாள். “தொழுதிட்டேன். இனி ஸ்டேஷனுக்குப் போறேன். பற்றரி குறைவு.” எங்கள் நேரம் ஐந்தரை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாலை ஏழு மணிக்குத் தாத்தா உம்மாவுக்கு அழைப்பது வழக்கம். அதற்குள் விடுதிக்குப் போய்விடலாம் என்பதுதான் எங்கள் திட்டம். ஏழு மணிக்கு அழைப்பு வரவில்லை. நான் எடுத்தேன், போன் நிறுத்தப்பட்டிருந்தது. ஏழரைக்கும் அப்படித்தான். உம்மா குசினியிலிருந்து “தாத்தா இண்டைக்கு எடுக்கல்லையே?” என்று கேட்டார். “படிக்கிறா போல” என்றேன்.

அந்த இரண்டு சொல்லைச் சொன்ன பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அங்கே சூரியன் ஆறு மணிக்கு முன்பே மறைந்துவிடும். குளிர். இருட்டு. எந்த ரயிலில் ஏறினாள் என்று தெரியாது. ஏதாவது நடந்தால் அவள் அங்கே போனாள் என்பதே உலகத்தில் என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. இஷாத் தொழுதேன், எத்தனை ரக்அத் என்று ஞாபகம் இல்லாமல் திரும்பத் தொழுதேன். எட்டேகாலுக்குக் குசினிக்குள் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பரீட்சையையும் சேர்த்து.

உம்மா சத்தம் போடவில்லை. அடுப்பை நிறுத்தினார். கதிரையில் இருந்தார். “எந்த இடம்? ஊர்ப் பேரைச் சொல்லு” என்றார். சொன்னேன். அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார், சரியாக வரவில்லை. “எழுதித் தா” என்றார். ரியூஷன் கொப்பியின் கடைசித் தாளில் எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

என் உம்மா யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், சோனகத் தெருவில். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி அந்த ஊர் முஸ்லிம்கள் எல்லோரையும் இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னபோது அவருக்கு ஒன்பது வயது. இதெல்லாம் எனக்குத் தெரியும்; எங்கள் வீட்டில் ஒவ்வொரு ஒக்டோபரும் யாராவது ஒருவர் பேசுவார். ஆனால் அன்றிரவு உம்மா சொன்னதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அந்தச் சனக்கூட்டத்தில் பெரியம்மா பள்ளிக்கூடப் பையை எடுக்கவென்று வீட்டுக்குத் திரும்பி ஓடியிருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. உம்மா மட்டும் கண்டிருக்கிறார். ஓடுகிற வழியில் பெரியம்மா திரும்பி, சொல்லாதே என்று வாயில் விரலை வைத்துக் காட்டினாராம். உம்மா சொல்லவில்லை. எல்லோரும் வேறு வேறு லொறிகளில் ஏறிவிட்டார்கள். பெரியம்மாவைக் கண்டுபிடித்தது மூன்றாம் நாள், புத்தளத்தில், ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில்.

“அந்த மூண்டு நாளும் உம்மும்மா என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தா, கண்டியா, கண்டியா எண்டு. நான் காணல்ல எண்டேன்.” உம்மா என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். “அவள் போனது ஒரு பக்கம். நீ ஏன் சொல்லல்ல?”

என்னிடம் பதில் இருக்கவில்லை.

எட்டு ஐம்பதுக்குத் தாத்தா எடுத்தாள். தொழுத கையோடு போன் செத்துவிட்டதாம். வரைபடம் இல்லாமல் கேட்டுக் கேட்டு நிலையத்துக்கு நடந்திருக்கிறாள். அவசரத்தில் எதிர்ப்பக்கம் போகிற ரயிலில் ஏறி, அடுத்த ஊரான பவ்லொவ்ஸ்கில் இறங்கி, அங்கே குளிரில் காத்திருந்து திரும்பி வந்திருக்கிறாள். இதையெல்லாம் என்னிடம் சொல்லத் தொடங்கியவள், திரையில் உம்மாவின் முகத்தைக் கண்டதும் நிறுத்திவிட்டாள்.

உம்மா ஏசுவார் என்று நான் காத்திருந்தேன். “சப்பாத்து நனைஞ்சிட்டா?” என்று கேட்டார். இல்லை என்றாள். “சோதினையை எப்ப திரும்ப எழுதுற?” நவம்பரில் என்றாள். தாத்தா அழத் தொடங்கினாள். உம்மா அவள் அழுது முடியும்வரை பேசாமல் இருந்தார். பிறகு, “இனிப் போறெண்டா எனக்குச் சொல்லிட்டுப் போ. எந்த ரயில், எத்தனை மணி, எல்லாம் சொல்லிட்டுப் போ. போகாத எண்டு நான் சொல்ல மாட்டேன்” என்றார். வாப்பா கடை பூட்டிவிட்டு வந்ததும் உம்மாவே அவரிடம் சொன்னார். வாப்பா கொஞ்ச நேரம் தலையில் கை வைத்துக்கொண்டிருந்துவிட்டு, ரிக்கற் எவ்வளவு என்று மட்டும் கேட்டார்.

என்னோடு உம்மா இரண்டு நாள் பேசவில்லை. சாப்பாடு போட்டார், சீருடை அயர்ன் பண்ணித் தந்தார், பேசவில்லை. அது எனக்குக் கிடைக்க வேண்டியதுதான்.

புதன்கிழமை இரவு நான் படித்துக்கொண்டிருந்தபோது வந்து பக்கத்தில் இருந்தார். “அந்தப் படங்களைக் காட்டு” என்றார். பொன் மண்டபத்தை வேகமாகத் தள்ளினார். மூடிய சிலைகளுக்குச் சிரித்தார். பள்ளிவாசல் மாதிரிக் குளியல் மண்டபத்துக்கு ‘சீ’ என்றார். கூரை இல்லாத மண்டபத்தின் படம் வந்ததும் நிறுத்தினார். விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். சுவர் மட்டும் நிற்கிறது, யன்னல் ஓட்டைகளுக்குள்ளால் வெளிச்சம்.

“இதையா திருப்பிக் கட்டினது?”

“ஓம் உம்மா. இன்னும் எல்லா அறையும் முடியல்லையாம்.”

“எப்படித் தெரியும், எங்க என்ன இருந்ததெண்டு?”

“பழைய போட்டோ இருந்ததாம்.”

உம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் வீட்டின் அல்பம் அந்த வீட்டோடு போய்விட்டது. பாதை திறந்த பிறகு 2003இல் உம்மும்மாவோடு போய்ப் பார்த்தபோது கூரை இருக்கவில்லை, நடு அறைக்குள் ஒரு வேம்பு வளர்ந்திருந்தது. அம்பர் அறையை முடித்ததும் அதே வருடம்தான். அதை உம்மாவிடம் நான் சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் உம்மா என் கொப்பியை இழுத்து, அந்த ரஷ்ய ஊரின் பெயர் எழுதிய தாளின் மறுபக்கத்தில் பென்சிலால் ஒரு சதுரம் போட்டார். “இது மண்டபம். இதால போனா கிணத்தடி. இது உம்மும்மாட அறை. இங்க ஒரு படி, அதில தடுக்கி விழுந்துதான் எனக்கு நெத்தியில இந்தக் காயம்.” குசினியைப் போட்டார். குசினிக்கு ஒரு யன்னல் போட்டார். போட்டுவிட்டு யோசித்தார். யன்னல் தெருப் பக்கமா, கிணற்றுப் பக்கமா என்று அவருக்குத் தெரியவில்லை.

இரவு பத்து மணிக்கு உம்மும்மாவுக்கு அழைப்பு எடுத்தோம். நித்திரையிலிருந்து எழும்பியவர், யாருக்கு என்ன நடந்தது என்று பதறினார். ஒன்றும் இல்லை, குசினி யன்னல் எந்தப் பக்கம் என்று உம்மா கேட்டார். மறுமுனையில் நீண்ட நேரம் சத்தம் இல்லை.

“குசினிக்கு யன்னலே இருக்கல்ல மகள். புகை போகாதெண்டு நான் உங்க வாப்பாவோட எத்தனை நாள் சண்டை பிடிச்சேன்.”

உம்மா என் பென்சில் பெட்டிக்குள் அழிறப்பரைத் தேடினார்.